பச்சை மையில் "பேசவும்"

போன மாதம் சரவணன் போன் செய்தார். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரியின் பெயர் வேண்டாம். எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது சரவணன் உட்கார்ந்திருக்கிறார்.

"மேடம், ஒரு சின்ன ஒதவி. ஸ்டூடன்ட்ஸ் ரூல்ஸ் எல்லாத்தையும் புதுசு பண்றோம். வாட்ஸ்ஆப், இன்ஸ்டா எல்லாம் சேக்கணும்னு மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டாங்க. பழைய ஃபைலப் பாத்தேன். பதினாலாவது விதி நீங்க எழுதுனதாமே? என்னா டிராஃப்ட் மேடம் அது! ஒரு சந்து பொந்து விடல நீங்க. அதையே வெச்சிக்கினு நாலு வார்த்த சேத்திருக்கேன். ஒரு தடவ பாத்துக் குடுத்துட்டீங்கன்னா மீட்டிங்ல வெச்சிருவேன்."

பார்க்கிறேன் என்றேன். அவர் அனுப்பியதைப் பேத்தியிடம் சொல்லி அச்செடுத்தேன். ஒரு மாதமாக அது சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் கிடக்கிறது. அந்த விதியை எழுதியது நான்தான். என் வேலைக் காலத்தில் நான் அதிகம் பாராட்டு வாங்கிய வாக்கியமும் அதுதான். அதே வாக்கியத்தால் ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள் என்பதைப் போனில் சொல்லி முடியாது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஊர் காவேரிப்பட்டினம். தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்துவிட்டு, கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குப் பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. கல்லூரி ஆரம்பித்த வருஷம் தட்டச்சராகச் சேர்ந்தேன்; படி ஏறி ஏறிக் கண்காணிப்பாளர் ஆனேன். நடுவில் நடந்ததையெல்லாம் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும்.

கண்காணிப்பாளருக்கு என்ன வேலை என்று கேட்டால் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: முத்திரை. "அனுமதிக்கப்பட்டது" என்று ஒரு ரப்பர் முத்திரை. நடுவில் தேதியைத் திருப்பிக்கொள்கிற மாதிரி வளையம். அது என் மேஜை டிராயரில் இருக்கும், சாவி என் கைப்பையில் இருக்கும். அது விழாத தாளை எந்தச் சுவரிலும் ஒட்டக் கூடாது. இரத்த தானம் ஆனாலும் சரி, குடை காணோம் என்றாலும் சரி, என் முன்னால் வந்து நிற்க வேண்டும். "கொடை காணவில்லை" என்று எழுதிக்கொண்டு வந்த ஒருவனைப் பிழை திருத்தி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவன் திருத்திக்கொண்டு வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. எனக்கு அதில் அன்றைக்குப் பெருமைதான்.

சுதந்திர தினப் பேச்சுப் போட்டி என்று ஒன்று நடக்கும். பேசப் போகிறவர்கள் பேச்சை முழுக்க எழுதி மூன்று நாள் முன்னதாக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நான் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்துவேன். சுதந்திரத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதிய பெண்ணுக்குப் பன்னிரண்டு முத்திரை. மேடையில் அவள் ஒரு வரியை மறந்துபோய் வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தாளை எடுத்து அந்த வரியைத் தேடினேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்கள் முதல்வர் திருநெல்வேலிக்காரர். அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். அங்கிருந்து அவர் கூடவே கொண்டுவந்தது ஒரு பச்சை மைப் பேனா. பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது. எங்கள் மாதிரித் தனியார் கல்லூரியில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது, ஆனாலும் அவர் விடவில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பு பார்த்து நான் கண்டதில்லை. ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, கோப்பை இடது கையில் ஏந்தி, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பார். படித்து முடித்ததும் ஓரத்தில் பச்சையாக ஒரே வார்த்தை எழுதுவார்: "பேசவும்."

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். மேலதிகாரிக்கு ஒரு விஷயத்தில் தெளிவில்லை, அல்லது காகிதத்தில் முடிவு சொல்ல விருப்பமில்லை என்றால் "பேசவும்" என்று எழுதுவார். கோப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பேச வேண்டும் என்று அர்த்தம். பேசிவிட்டு வந்து நாங்கள் கீழே நீல மையில் "பேசப்பட்டது" என்று எழுதுவோம். நாற்காலி வாங்குகிற கோப்பிலும் பேசவும், நாய் தொல்லைக் கோப்பிலும் பேசவும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை மாடி ஏறி இறங்கி எனக்கு முழங்கால் போயிற்று. நல்ல மனிதர். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிற வரை குறுக்கே ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

அவர் காலத்தில்தான் பதினான்காம் விதி பிறந்தது. பேருந்து தாமதமாக வருகிறது என்று சில மாணவர்கள் வாயிற்கதவு அருகே நின்று கத்திவிட்டார்கள். தாளாளருக்குக் கோபம். விதிகளை இறுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நான் நாலைந்து கல்லூரிகளின் விதிப் புத்தகங்களை வரவழைத்து, ஒன்றிலிருந்து தலை, ஒன்றிலிருந்து வால் என்று எடுத்து இப்படிக் கோர்த்தேன்: "கல்லூரியைப் பற்றியோ, அதன் அலுவலர்களைப் பற்றியோ, வசதிகளைப் பற்றியோ வாய்மொழியாகவோ, எழுத்து மூலமாகவோ, சைகையாலோ, பிற எவ்வகையிலோ மாணவர்கள் குறை கூறுதல் கூடாது."

"சைகையாலோ" என்பது என் சொந்தச் சரக்கு. எந்தக் கல்லூரி விதியிலும் அது இல்லை. முதல்வர் படித்துவிட்டு, அபூர்வமாக "பேசவும்" போடாமல், "நல்ல கோர்வையா இருக்கும்மா" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது காராபூந்தி வாங்கிக்கொண்டு போனேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் இன்னொருவரைத் தப்பாகப் பேசினார் என்று புகார் வந்தால், அந்தத் தப்பு வார்த்தையை நான் குறிப்பில் எழுத மாட்டேன். "தகாத சொற்கள்" என்றுதான் எழுதுவேன். ஆதாரத்தாளை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே "இரகசியம்" என்று எழுதிக் கோப்பின் பின்னால் இணைத்துவிடுவேன். கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும். நாளைக்கு யார் புரட்டினாலும் முகம் சுளிக்கக் கூடாது. இந்தச் சுத்தம்தான் ஆளைக் கவிழ்த்தது.

ஒரு கார்த்திகை மாதம், திங்கட்கிழமை காலை. விடுதி உணவகத்துக்குப் பொறுப்பாக இருந்த பாண்டியன் முதல்வர் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் இயற்பியல் ஆசிரியர், விருதுநகர்ப் பக்கத்துக்காரர். உணவகப் பொறுப்பு கூடுதலாகத் தலையில் கட்டியது. அப்போது மாலை போட்டிருந்தார், கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். கண் கலங்கியிருந்தது.

"மேடம், வாழ்க்கையில ஒரு நாள் தொட்டதில்ல. அதுவும் மாலை போட்டிருக்கிற நேரத்துல இப்பிடி எழுதியிருக்கா மேடம் அந்தப் பொண்ணு. பிள்ளைங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்தேன். முதல்வர் ஒட்டிய உறையை என்னிடம் கொடுத்து, "வாசிக்கக் கூடாத விஷயம்மா. அந்தப் பிள்ள தைரியமா பேரும் பதிவு எண்ணும் வேற போட்டிருக்கா. விதிப்படி செய்யுங்க" என்றார். நான் மேலே "இரகசியம்" எழுதினேன். குறிப்பு எழுதினேன்: "இறுதியாண்டு இயந்திரவியல் மாணவி ரூபா, அலுவலர் ஒருவரைக் குறித்துத் தகாத சொற்கள் அடங்கிய தாளை உணவகத்தில் அனுமதியின்றி ஒட்டியுள்ளார். விதி 14 மீறல்." அந்தப் பெண்ணுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அதிலும் தகாத சொற்கள் என்றுதான் இருந்தது, எது என்று இல்லை.

அவள் பதில் சாயந்திரமே வந்தது. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"ஐயா, அந்தத் தாளை எழுதி ஒட்டியது நான்தான். எழுதியது உண்மை. விடுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் தாங்களே ஒரு நாள் மதியம் வந்து பார்க்கலாம். உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க இயலாது."

முதல்வர் ஜன்னலோரம் நின்று இதைப் படித்தார். பாண்டியன் சார் மதிய வேளையில் எப்படி இருப்பார் என்று வந்து பார்க்கச் சொல்லி ஒரு மாணவி கல்லூரி முதல்வரை அழைக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது. முகம் சிவந்துவிட்டது. அந்தக் கோப்பிலும் "பேசவும்" இல்லை. "இடைநீக்கம். பெற்றோரை அழைக்கவும்" என்று பச்சையில் எழுதினார். நான் ஆணையைத் தட்டச்சு செய்தேன், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல்.

இதில் அவளுக்கு என்ன நஷ்டம் என்றால், அந்த வாரம் வியாழக்கிழமை ஓசூர்க் கம்பெனி ஒன்று நேர்முகத்துக்கு வருகிறது. இயந்திரவியல் படித்தவர்களை எடுக்க வருஷத்தில் ஒரு தடவைதான் வருவார்கள். இடைநீக்கத்தில் இருப்பவர் வளாகத்துக்குள் வர முடியாது. புதன் மாலைக்குள் ஆணை ரத்தாகாவிட்டால் அவள் பெயர் பட்டியலில் இருக்காது. திங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் பெட்டியோடு உத்தனப்பள்ளி பஸ் ஏறிவிட்டாள்.

புதன்கிழமை காலை அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா பெயர் முனிராஜ். உத்தனப்பள்ளியில் தக்காளியும் கொத்துமல்லியும் போடுகிறவர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. படிச்சவங்க நீங்க, ஏதாச்சும் காரணம் இருக்கும். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. சாரு தண்ணியா இருக்குதுன்னு சொன்னதுக்கா மேடம் சஸ்பெண்டு? நானு எங்க வூட்டுல டெய்லி சொல்றேன். எம் பொண்டாட்டி இன்னொரு கரண்டி ஊத்திட்டுப் போயிருவா. என்னைய யாரும் ஊர விட்டு அனுப்பலயே."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். "என்ன தண்ணியா இருக்குன்னு எழுதினா?" என்றேன்.

"சாரு மேடம். சோத்துக்கு ஊத்தறது. நீங்க ரசம்னு சொல்லுவீங்க."

கோப்பைப் பிரித்தேன். என் கையால் "இரகசியம்" என்று எழுதிய உறையை என் கையாலேயே கிழித்தேன். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், கோடு போட்டது. அதில் இப்படி இருந்தது:

"சாரு டெய்லி தண்ணி. நாலு டேபிள் தள்ளியே வாசனை தூக்குது, கிட்டப் போனா உள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்கறதில்ல."

கீழே அவள் பெயர், பதிவு எண், கையெழுத்து.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து கணக்கர் எட்டிப் பார்த்தார். முனிராஜுக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்காகக் கூடச் சிரித்தார். மூக்கண்டப்பள்ளியில் என் வீட்டுக்கு இடதுபக்கம் கன்னடக்காரர்கள், வலதுபக்கம் தெலுங்குக்காரர்கள். கிண்ணத்தோடு வந்து ஒருத்தி சாரு கொடுப்பாள், ஒருத்தி அதையே ச்சாரு என்று அழுத்திச் சொல்லிக் கொடுப்பாள், இரண்டும் ரசம்தான். எனக்கு அந்தத் தாளைப் பார்த்த நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் திருநெல்வேலிக்கும் விருதுநகருக்கும் சாரு என்றால் சார்தான். சார் டெய்லி தண்ணி, நாலு மேஜை தள்ளி வாசனை என்றால் மாலை போட்ட மனிதர் அழாமல் என்ன செய்வார்?

தாளைச் சுவரிலிருந்து கிழித்துவந்தது அட்டெண்டர் நஞ்சப்பா. ராயக்கோட்டைக்காரர், வீட்டில் கன்னடம், எனக்கு முன்பே கல்லூரியில் சேர்ந்தவர். அவரைக் கூப்பிட்டேன்.

"நஞ்சப்பா, இது எங்க ஒட்டியிருந்தது?"

"மெனு போர்டுக்குக் கீழதான் மேடம். ரசம்னு எழுதியிருக்குமே, அதுக்கு நேர் கீழ."

"படிச்சீங்களா?"

"படிச்சேனே."

"ரசத்தைப் பத்தின்னு தெரியுமா?"

"தெரியாம என்னா மேடம்? அது தண்ணிதான்."

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கிண்டல் இல்லை, அதுதான் கஷ்டம். "ரசத்தப் பத்தி எழுதுனா சஸ்பெண்டு பண்ணுவாங்கன்னுதான் நெனச்சேன் மேடம். ரூலுதானே அது?" என்றார்.

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ரூபாவை உள்ளே கூப்பிட்டேன். ஒல்லியான பெண், எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய ஜடை. நேர்முகத்துக்கான கோப்புறையை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். எப்படியும் அனுமதி கிடைத்துவிடும் என்று எடுத்துவந்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ மேடம்! பாண்டியன் சாரையா? அவரு டீ கூடக் குடிக்க மாட்டாரே! நா போயி சாரி கேட்டுட்டு வந்துர்றேன் மேடம், பாவம் அவரு."

அப்புறம் கோப்புறையை என் மேஜைமேல் வைத்தாள். "அப்போ ரசத்தப் பத்திச் சொன்னதுக்கு இல்லையா மேடம் என்னைய அனுப்புனது?"

"அதுக்கா அனுப்புவாங்க? என்னம்மா நீ, படிச்ச பொண்ணு."

"பதினாலாவது விதியில இருக்குதே மேடம். வசதிகளைப் பற்றியோ, எழுத்து மூலமாகவோ." அவள் அதை ஒப்பித்தாள், நான் கோர்த்த வரிசை மாறாமல். "மெஸ் குரூப்ல சொல்லலாம்னா அட்மின் மட்டுந்தான் பேச முடியும்னு பூட்டி வெச்சிருக்காங்க. சஜஷன் பாக்ஸ்க்கு சாவி இல்லயாம். முத்திரைக்கு உங்ககிட்ட வந்தா வாசல்லயே திருப்பிடுவீங்கன்னாங்க. தப்புன்னு தெரிஞ்சுதான் ஒட்டுனேன். அதான் பேரு போட்டேன். மொட்டக் கடுதாசின்னு யாரும் சொல்லக் கூடாதில்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எப்படியும் அதைச் சொல்ல முடியாது. ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தது முதல்வர். அந்தத் தப்பைச் சரிசெய்துவிடலாம். ஆனால் சரியாகப் படித்த மூன்று பேர், அந்தப் பெண், அவள் அப்பா, நஞ்சப்பா, யாருக்குமே இது நம்ப முடியாததாகத் தோன்றவில்லை. ரசம் தண்ணியாக இருக்கிறது என்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நம்பும்படி எழுதிவைத்தது நான். காராபூந்தி வாங்கிச் சாப்பிட்டதும் நான்.

கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். முதல்வர் கேட்டார், தாளைத் திரும்பப் படித்தார், இரண்டு நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது.

"பாண்டியன வரச் சொல்லுங்கம்மா."

பாண்டியன் வந்தார். விஷயம் கேட்டதும் முகத்தில் அப்படியொரு நிம்மதி. சரணம் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நிமிஷமே நெற்றி சுருங்கியது. "ரசத்தையா சொன்னா? ரசத்துல என்ன கொறை கண்டா? நானே நின்னு தாளிக்கச் சொல்றேன் சார்!"

முதல்வருக்குப் பழைய பழக்கம் தலைதூக்கியது. "சரிம்மா, தப்பா புரிஞ்சது நம்ம பக்கம். ஆனா அனுமதியில்லாம ஒட்டினது விதி மீறல்தான? ஒரு வரி வருத்தம் எழுதித் தரச் சொல்லுங்க. ரத்து பண்ணிருவோம்." நான் இறங்கிப் போய் ரூபாவிடம் சொன்னேன். மணி பன்னிரண்டு.

"பாண்டியன் சாருக்கு மனசு கஷ்டப்பட்டதுக்கு எழுதித் தர்றேன் மேடம். நேர்லயும் கேக்கறேன். ரசத்துக்கு எழுத மாட்டேன். அது தண்ணிதானே?"

"நாளைக்கு இன்டர்வியூம்மா."

"தெரியும் மேடம்." கண் நிறைந்துவிட்டது, ஆனால் பேனாவை எடுக்கவில்லை. முனிராஜ் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழுதுன்னு நா சொன்னா எழுதிருவா மேடம். ஆனா நா சொல்ல மாட்டேன்" என்றார்.

மறுபடி மாடி. அந்த இரண்டாவது தடவை, ஒரு வாரத்துப் படிகளை ஒன்றாக ஏறின மாதிரி இருந்தது. முழங்கால் வலியோ, மனசோ, எதுவோ, உட்காரச் சொல்லாமலே முதல்வர் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். "சார், அந்த விதிய எழுதினது நான். அந்தப் பொண்ணு அத எனக்கே ஒப்பிச்சுக் காட்டுறா. எல்லாக் கோப்புலயும் பேசவும்னு எழுதுறீங்க. பேசினவளத்தான் அனுப்பிட்டோம்" என்றேன். இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதில்லை. வழக்கம்போல் முடிக்கிற வரை அவர் குறுக்கிடவில்லை.

முடித்ததும் மணியைப் பார்த்தார். "மெஸ்ல இந்நேரம் சாப்பாடு ஆயிருக்கும். ஒரு தம்ளர் ரசம் கொண்டாரச் சொல்லுங்கம்மா. தனியா எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ஊத்துத வாளியிலிருந்து."

நஞ்சப்பா எவர்சில்வர் தம்ளரில் கொண்டுவந்தார். நாலு மேஜை என்ன, படிக்கட்டில் வரும்போதே பெருங்காய வாசனை வந்துவிட்டது. பாண்டியன் கைகட்டி நின்றார். முதல்வர் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியில் தம்ளர்க் கம்பெனியின் முத்திரை தெரிந்தது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பை வாங்கினார். பச்சை மையில் எழுதியதை நான் எதிரிலிருந்து தலைகீழாகவே படித்துவிட்டேன்:

"நேரில் ஆய்வு செய்தேன். தண்ணிதான். ஆணை ரத்து."

பாண்டியனிடம் தம்ளரை நீட்டினார். அவர் குடித்துப் பார்த்தார். தம்ளரை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, "பருப்புத் தண்ணி சேக்க மறந்துட்டாய்ங்க போல சார்" என்றார்.

ரத்தாணையைச் சாயந்திரத்துக்குள் தட்டச்சு செய்து நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் ரூபா நேர்முகத்துக்குப் போனாள். கிடைக்கவில்லை, ஏதோ வரைபடக் கேள்வியில் தடுமாறிவிட்டாளாம். அடுத்த மாதம் வேறொரு கம்பெனியில் எடுத்தார்கள். இப்போது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள் என்று முனிராஜ் ஒருமுறை பஸ்ஸில் பார்த்தபோது சொன்னார். குறை சொல்வதற்கே சம்பளம் மேடம் என்று சிரித்தார்.

பதினான்காம் விதியை எடுத்துவிடலாம் என்று நான் குறிப்பு எழுதினேன். முதல்வர் "பரிந்துரைக்கிறேன்" என்று பச்சையில் எழுதித் தாளாளருக்கு அனுப்பினார். மூன்று மாதம் கழித்துக் கோப்பு திரும்பியது. கவனமாகப் பரிசீலித்து ஒரே ஒரு சொல்லை நீக்கியிருந்தார்கள்: "சைகையாலோ." ஆக, எங்கள் போராட்டத்தின் பலனாக எங்கள் மாணவர்களுக்கு ரசத்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கும் உரிமை கிடைத்தது.

முதல்வர் அதோடு விடவில்லை. உணவக வாசலில் ஒரு கரும்பலகை மாட்டச் சொன்னார். முத்திரை தேவையில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் வாரம் யாரும் எழுதவில்லை, பொறியோ என்று பயம். அப்புறம் சாம்பார், மின்விசிறி, நூலகம் மூடும் நேரம் என்று நிறைந்தது. ஒரு நாள் "சூப்பரிண்டெண்ட் மேடம் கொஞ்சம் சிரிக்கலாம்" என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அதற்குக் கீழே நானே "முயற்சி செய்கிறேன்" என்று எழுதினேன். முதல்வர் போன பிறகு வந்தவர் அந்தப் பலகையைக் கழற்றி, பெயிண்ட் அடிக்க என்றார். இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் சரவணனுக்குத் தெரியாது. அவர் அனுப்பிய தாளில் விதி அப்படியே இருக்கிறது. "பிற எவ்வகையிலோ" என்பதற்கு முன்னால் "சமூக ஊடகங்கள், குறுஞ்செய்தி, நிலைத்தகவல், ஸ்டிக்கர் மூலமாகவோ" என்று சேர்த்திருக்கிறார். சைகையைத் துரத்திவிட்டோம், அது ஸ்டிக்கராக வந்து நிற்கிறது. நல்ல கோர்வைதான், குறை சொல்ல முடியாது.

நேற்று ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது ஒரு பச்சை மைப் பேனா வாங்கினேன். வேலையில் இருந்த காலம் முழுக்க நீல மையைத் தவிர வேறு தொட்டதில்லை. வீட்டுக்கு வந்து ஊறுகாய் ஜாடியை நகர்த்திவிட்டு, பதினான்காம் விதிக்கு நேரே, ஓரத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினேன்: "பேசவும்." படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டே நிமிஷத்தில் போன். "மேடம், பாத்தேன். பேசவும்னு போட்டிருக்கீங்க. எப்ப வந்து பேசட்டும்?"

"நீங்க இல்ல சரவணா," என்றேன். "அது பிள்ளைங்களுக்கு எழுதினது."